இன்றைய இறந்தகாலம்

ஜூன் 2

கண்ணாடிக்காரருக்கு,

போனில் பேச வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். பேசினால் சண்டை. சண்டை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வெறும் மூச்சுச் சத்தம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கே எக்ஸ்ரே பிரிவில் என்னை நிரந்தரமாக்குகிறார்கள். ஆறு மாதத்துக்கு என்று வந்தவள். ஜூலை கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ இங்கே வரலாம். இந்த ஊரிலும் மனிதர்களுக்குக் கண் மங்குகிறது, கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. அல்லது நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வரலாம். அல்லது இரண்டும் இல்லை, அவரவர் வழி. மூன்றில் எது என்று சொல். 'உன் இஷ்டம்' என்று மட்டும் எழுதிவிடாதே. என் இஷ்டம் எது என்று எனக்கே தெரிந்திருந்தால் உன்னிடம் ஏன் கேட்கிறேன்.

உன் அக்கா போன் செய்தார்கள். "என் தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடியைத் தேய்ச்சுக்கிட்டே வாய்க்குள்ள என்னமோ முனகிக்கிட்டு இருக்கான். கேட்டா ஷோனாங்கறான். எனக்கென்னமோ அது பொண்ணு பேரு மாதிரி இருக்கு. நீ எதுக்கும் விசாரி." நான் சிரித்துவிட்டேன். வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கொட்டாவி போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. பிறந்த அன்றே நர்ஸ் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டாள் என்று நீதான் அந்தப் பெயர் வைத்தாய். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. நான்கு மாதம். பெரிய பெயருக்கெல்லாம் அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

இந்த ஒன்றரை வருடத்தில் நீ அவளைப் பற்றி என்னிடம் ஒரு வாக்கியம் பேசவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு மொழி மட்டும் படிக்கிறாயாம். ஏன்?

எக்ஸ்ரே


ஜூன் 9

எக்ஸ்ரேவுக்கு,

அக்காவிடம் சொல்லிவிடு. பெண் இல்லை. மொழி. தெற்கு ஆப்பிரிக்காப் பக்கம் கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்கள். யாருக்கும் தெரியாத மொழி என்று நீ எழுதியிருக்கிறாய். நம் தெருவில் தெரியாது, அவ்வளவுதான்.

புத்தகம் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. ஆசிரியர் இல்லாமல் கற்கிற வகை. அட்டை கிடையாது. கூட வந்திருக்க வேண்டிய ஒலிநாடாவும் கிடையாது. 'ஒலிநாடாவைக் கேட்டு, திரும்பச் சொல்லவும்' என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறது. நான் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். பிறகு திரும்பச் சொல்வேன்.

வேலை செய்துகொண்டே படிக்கலாம். லென்ஸ் ஓரம் தேய்க்கும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் எதைச் சொன்னாலும் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்கிறதாம். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாரைப்பா திட்டுற?"

"திட்டலைங்க. நல்லா இருக்கீங்களான்னு விசாரிக்கிறேன்."

"யாரை?"

"யாரும் இல்லைங்க."

"அப்ப சரி. விசாரிச்சுக்கிட்டே வலக் கண்ணு லென்ஸை இடக் கண்ணுல மாட்டிடாத. போன தடவை ஒரு அம்மா படியெல்லாம் தடுக்கி விழுந்து வந்து என்னை விசாரிச்சிட்டுப் போச்சு."

ஏன் என்று கேட்கிறாய். தமிழில் எனக்கு எல்லாரும் ஆறுதல் சொல்லி முடித்துவிட்டார்கள். சின்ன வயசுதானே. இன்னொண்ணு பெத்துக்கலாம். நாலு மாசம்தானே. அந்த 'தானே'. கடைக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். இந்த மொழியில் இதுவரை யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. சொற்கள் எல்லாம் கை படாமல் இருக்கின்றன.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் எதையும் 'வைத்திருக்க' முடியாது. 'குடை வைத்திருக்கிறேன்' என்பதற்கு 'ன்டினே' என்று தொடங்க வேண்டும். பிரித்தால், நான் குடையோடு இருக்கிறேன். எல்லாமே 'ஓடு'தான். வீட்டோடு, பசியோடு, கடனோடு. அந்தப் பாடம் முடித்த அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பேசிப் பழகவும் சில மாதங்களாக ஓர் ஆள் இருக்கிறார். பஸ் ஓட்டுநர். என் வயதுதான் இருக்கும். இணையத்தில் எழுதிக் கேட்டேன், பதில் போட்டார். தன் மொழியைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். ஞாயிறு மதியம் கூப்பிடுவார், அங்கே அப்போது காலை. அரைகுறை ஆங்கிலம் அவருக்கு. அரைகுறை ஷோனா எனக்கு. நடுவில் அவருடைய மனைவி ஏதாவது சொல்லிச் சிரிப்பார்.

மூன்றில் எது. யோசிக்கிறேன்.

நான்


ஜூன் 14

குடையோடு இருப்பவருக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குக் கடைசியில் ஒரு வரி. அதுவும் 'யோசிக்கிறேன்'.

எனக்கு வேலை நிரந்தரம் ஆவதற்குப் பழைய சான்றிதழ்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து எடுத்துக்கொண்டு சாயந்திரமே திரும்பிவிடுவேன். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். வீட்டைப் பெருக்கவும் வேண்டாம்.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள்: "மாப்பிள்ளை எதைப் படிச்சாலும் சரி, சம்பளம் வர்ற மாதிரி ஒண்ணைப் படிக்கச் சொல்லு." சொல்லிவிட்டேன்.


ஜூன் 22

நான் வந்தபோது நீ உள் அறையில் இருந்தாய். கதவு சாத்தியிருந்தது. என்னிடம் இன்னும் சாவி இருக்கிறது என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அலமாரியைத் திறந்து காகிதங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது.

உன் ஷோனாவில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. தெரியாத மொழி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் மாதிரி. அதன் நடுவில் 'கொட்டாவி' என்று கேட்டது. முதலில் நம்பவில்லை. மறுபடி கேட்டது. மறுபடியும். சொல்லிவிட்டு நீ சிரித்தாய்.

பிறகு பாடினாய். ஆராரோ. தெளிவாகக் கேட்டேன். 'கொட்டாவி ஆராரா' என்று.

நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது உன்னிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அலமாரிக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்திருப்பாய்.

அவள் உயிரோடு இருந்தபோது நீ ஒருநாளும் தாலாட்டுப் பாடியதில்லை. "எனக்குச் சுருதி வராதுடி, குழந்தை பயந்துடும்" என்பாய். இப்போது யாருக்குப் பாடுகிறாய்? ஒரு பஸ் ஓட்டுநருக்கா? அவளைப் பற்றி என்னிடம் பேச முடியாத வாய், அந்த ஆளிடம் எப்படிச் சிரிக்கிறது?

என்ன சொன்னாய் அவளைப் பற்றி? ஒரு சொல் விடாமல் தமிழில் எழுது.


ஜூன் 30

பாடவில்லை.

அராரா. குறில். அது தாலாட்டு இல்லை, வினைச்சொல். தூங்கினாள் என்று அர்த்தம். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

காலையில் சந்தித்தால் அவர்கள் 'தூங்கினீர்களா' என்று விசாரிப்பார்கள். 'நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்' என்று பதில் சொல்ல வேண்டும். அவரவர் தூக்கம் அடுத்தவர் கையில். பிறகு வீட்டில் இருப்பவர்களை விசாரிப்பார்கள். மனைவி தூங்கினாரா. குழந்தை தூங்கியதா.

எப்படி ஆரம்பித்தது என்று எழுதுகிறேன். முதல் ஞாயிறு. ஓட்டுநர் கேட்டார்: குழந்தைகள் உண்டா? பாடப் புத்தகக் கேள்வி. பாடப் புத்தகப் பதில்தான் வாயில் வந்தது. ன்டினே ம்வானா. குழந்தையோடு இருக்கிறேன். சரியான வாக்கியம். அவர் கைதட்டினார். உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா திரைக்கு முன்னால் வந்து பெயர் கேட்டார். சொன்னேன். அவர்கள் வாயில் 'கோட்டாவி' ஆனாள்.

அடுத்த ஞாயிறு, குழந்தை தூங்கினாளா என்று கேட்டார். தூங்கினாள் என்றேன்.

ஆறாம் பாடம் உடல் உறுப்புகள். அந்த வாரம் அவளுக்குப் பல் முளைத்தது. எட்டாம் பாடத்தில் நடத்தல், விழுதல், எழுதல். நடந்தாள். விழுந்தாள். எழுந்தாள். ஓட்டுநரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒன்பதாம் பாடம் நிறங்கள். சிவப்புச் சட்டை பிடிக்கும் என்றேன். பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்ட அன்று சொன்னது இது: கொட்டாவி கஞ்சி குடித்தாள். கொட்டாவி என் கண்ணாடியை உடைத்துவிட்டாள். கொட்டாவி தூங்கிவிட்டாள்.

திட்டமிட்டு ஏமாற்றவில்லை. இதை எப்படி எழுதுவது. அந்த மொழியில் இறந்தகாலம் இரண்டு. இன்றைக்கு நடந்ததற்கு ஒன்று. நேற்றும் அதற்கு முன்பும் நடந்ததற்கு இன்னொன்று. எனக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவது பதினொன்றாம் பாடத்தில் இருக்கிறது. பத்தாம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று விழித்தாள், இன்று சாப்பிட்டாள், இன்று தூங்கினாள். அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

நம் இலக்கணத்தில் அதற்கு ஏன் 'இறந்த' காலம் என்று பெயர் வைத்தார்கள்.


ஜூலை 5

உன் கடிதத்தை உணவு இடைவேளையில் படித்தேன். திரும்பி வந்து இரண்டு படங்களை வீணாக்கினேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். இங்கே தினமும் குழந்தைகளின் நெஞ்சைப் படம் எடுக்கிறேன். பெரியவர்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லலாம். குழந்தையிடம் சொல்ல முடியாது. அழுது முடித்து மூச்சை உள்ளே இழுக்கிற நொடிக்காகக் காத்திருந்து பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்துக்கொள்கிற அம்மாவுக்கு ஈயக் கவசம் மாட்டிவிட வேண்டும். "இறுக்கிப் பிடிச்சுக்கோங்கம்மா. ஒண்ணும் ஆகாது." ஒண்ணும் ஆகாது என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன். இந்தப் பிரிவை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. பார்க்கத்தான். ஒவ்வொரு நாளும் பார்த்தால், அவள் இல்லை என்பது ஒருநாள் எனக்குள் இறங்கும் என்று.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. இப்போது நீ அவளுக்குப் பல் முளைத்தது என்கிறாய். நடந்தாள் என்கிறாய். எந்தப் பல் முதலில்? மேலேயா, கீழேயா? நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை இப்படிக் கேட்க வைத்ததற்கு உன்னை மன்னிக்க மாட்டேன்.

நீ தனியாக எங்கேயோ ஒரு வீடு எடுத்து அவளை வளர்த்துக்கொண்டிருக்கிறாய். என்னிடம் இருப்பது அந்த நான்கு மாதம் மட்டும். அதையும் பங்கு போட ஆள் இல்லை.

பதினொன்றாம் பாடத்தைத் திற. அந்த மனிதரிடம் சொல். அந்த மொழியிலேயே சொல். ஆங்கிலத்தில் சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. அங்கேயும் அவள் இல்லாமல் போகட்டும். அதற்குப் பிறகு எழுது. அதுவரை நீ எழுதுகிற எதையும் பிரிக்க மாட்டேன். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதையும் அதற்குப் பிறகுதான் யோசிப்பேன்.


ஜூலை 14

சொல்லிவிட்டேன். பிரிக்கலாம்.

ஒரு வாரம் பதினொன்றாம் பாடம். கடினம் இல்லை. வினைக்கு முன்னால் ஒரு 'க' சேர வேண்டும், அவ்வளவுதான். இறந்தாள் என்பது, இன்றைக்கு என்றால் அஃபா. முன்பு என்றால் அகஃபா. இயந்திரத்துக்கு முன்னால் நின்று அகஃபா, அகஃபா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலாளி இந்தத் தடவையும் வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு மதியம் கூப்பிட்டார். வழக்கம்போல. தூங்கினீர்களா. நீங்கள் தூங்கியிருந்தால் நானும். மனைவி தூங்கினாரா. தூங்கினார். உன்னைப் பற்றியும் இத்தனை நாளாக இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். கோட்டாவி தூங்கினாளா.

ம்வானா அஃபா, என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. 'க' இல்லை. இத்தனை மாதம் அராரா, அராரா என்று பழகின நாக்கு. அதே தடத்தில் போய்விட்டது. குழந்தை இன்று இறந்துவிட்டது.

அவர் கையில் இருந்த போன் சரிந்தது. கூரை தெரிந்தது. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். மனைவி ஓடி வந்தார், கையெல்லாம் சோப்பு நுரை. அவர் சொன்னார். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு சத்தம். நான் அப்படி ஒரு சத்தத்தை நம் வீட்டில் கேட்கவில்லை. நம் வீட்டில் அன்று எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். பக்கத்து வீடுகளில் இருந்து யார் யாரோ வந்தார்கள். ஒரு சின்னத் திரைக்குள் இத்தனை முகங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து என்னைப் பார்த்து ஒரே சொல்லைச் சொன்னார்கள். நெமடம்புட்ஸிகோ. அகராதியில் பிறகு பார்த்தேன். துன்பங்களோடு. அதே 'ஓடு'.

அவர்கள் அழுதது அந்த நான்கு மாதக் குழந்தைக்கு இல்லை. பல் முளைத்தவளுக்கு. நடந்தவளுக்கு. என் கண்ணாடியை உடைத்தவளுக்கு.

திருத்தியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போதும். பழைய விஷயம், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று. திருத்தவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன். இதுதான் முதல் தடவை. உனக்குத் தெரியும்.

ஓட்டுநரின் மனைவி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். அமாய் வரிப்பி? அமாய் வரிப்பி? இதற்கு அகராதி தேவைப்படவில்லை. அம்மா எங்கே.

இடங்களைப் பற்றிய பாடம் நான் முடித்துவிட்டேன். வீட்டில், சந்தையில், வேலையில், தூரத்தில். எல்லாச் சொல்லும் தெரியும். எதைச் சொல்வது என்று தெரியவில்லை. உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றில் எது என்று கேட்டாய். நான் அங்கே வருகிறேன். நீ வரச் சொன்னால்.


ஜூலை 27

அந்த அம்மா கூப்பிட்டார்கள்.

எனக்கு ஷோனா தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் அவர்களிடம் சுத்தமாக இல்லை. விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் லேப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அழுதுகொண்டே ஏதோ கேட்டார்கள். குரல் மேலே போய் முடிந்ததால் கேள்வி என்று தெரிந்தது. நான் பதில் சொன்னேன். தமிழில்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காலை குளிப்பாட்டியதை. கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்ததை. பால் குடிக்கும்போது என் கம்மலைப் பிடித்து இழுத்ததை. மதியம் தூங்க வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனதை. ஒரு சட்டையை உதறும்போது பொத்தான் கன்னத்தில் அடித்ததை. கீழே வந்து பார்த்தபோது நல்லாத் தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டதை. சந்தோஷமாக உட்கார்ந்து டீ குடித்தேன். அதையும் சொன்னேன்.

டாக்டர் கேட்டபோது இதில் பாதியைச் சொல்லியிருக்கிறேன், கேள்விக்குப் பதிலாக. உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்கவில்லை என்று உன்மேல் எவ்வளவு கோபம் எனக்கு. ஆனால் நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குப் புரிந்துவிடும்.

அந்த அம்மா நடுவில் பேசவே இல்லை. "ஈ", "ஈ" என்று மட்டும் ஒரு சத்தம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுபோல. முடித்ததும் நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன சொன்னார்கள் என்று அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதாதே.

லேப் பெண் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்களுக்குக் குழந்தை இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆறு மாதமாக ஒரே அறையில் இருக்கிறோம்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னை வரச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டாய், அழுதும்விட்டாய், பிறகும் ஏன் இப்படி என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் நேராகும் என்று. கடிதத்தைப் படித்தபோது உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போன இடத்தில் வேறு எதுவும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. நாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒருவர் தூங்கவில்லை என்று மற்றவர் விழித்துக் கிடப்போம். வீட்டைக் காலி செய்துவிடு. அவள் கட்டிலை நீயே பார்த்து யாருக்காவது கொடு. என்னிடம் கேட்காதே.

அப்புறம் அந்த 'க'. அவர்களிடம் திருத்திச் சொல்லத்தான் வேண்டும். முன்பின் தெரியாத மனிதர்களைப் பொய்யான தேதிக்கு அழ வைத்திருக்கிறோம், அது அநியாயம். அந்த அம்மா தினமும் இந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். இப்போதும் கூப்பிடுவார்கள். அங்கே அவள் போய் இன்னும் இரண்டு வாரம் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து திரையில் எட்டிப் பார்க்கிறார்கள்.

திருத்து. ஆனால் இந்த வாரம் வேண்டாம்.